அழகுக்கு ஒரு நடை, அழுகைக்கு ஒரு நடையா?

நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவில் படியுங்கள்.

பிரான்சின் நாந்த் நகரத்தில் எடுத்த படங்களைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன். அரண்மனைக்கும் பழைய வீதிகளுக்கும் நிறைய விருப்பக்குறிகள் வந்தன. ஆற்றங்கரையில் இருக்கும் அடிமை வணிக நினைவிடத்தின் படத்துக்குக் கீழே மட்டும் ஒரு நண்பர் இப்படிக் கேட்டிருந்தார்: "சுற்றுலா போன இடத்திலும் பாடம் நடத்தணுமா சார்? நல்ல கட்டடத்தைப் பார்த்தோமா, ரசித்தோமா என்று வரக்கூடாதா?"

கேள்வி நியாயமாகத்தான் தெரியும். பலர் மனத்தில் இருப்பதும் அதுதான். அதனால் அவருக்குத் தனியாகப் பதில் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தின் அழகைக் காட்டிக் காசு வாங்குகிறவர்கள், அந்த அழகு யாருடைய காசில் வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கென்று வேறொரு நாள், வேறொரு சீட்டு என்று ஒதுக்கக்கூடாது. அதே நடையில், அதே வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

நாந்த் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிரான்சின் மேற்கே, லுவார் ஆற்றின் கரையில், அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. உள்ளே இருக்கிற துறைமுக நகரம். பிரெத்தாஞ் பிரபுக்களின் அரண்மனை அங்கேதான் இருக்கிறது. 1598இல் நான்காம் ஹென்றி மன்னர் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்த புகழ்பெற்ற நாந்த் ஆணை இந்த ஊர்ப் பெயரில்தான் இருக்கிறது. எழுத்தாளர் ழூல் வெர்ன் 1828இல் பிறந்ததும் இங்கேதான். நடந்து பார்ப்பதற்கென்றே செய்துவைத்த ஊர் என்று சொல்லலாம். தெருத் தரையில் ஒரு பச்சைக் கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஊரின் முக்கியமான இடங்களையெல்லாம் பார்த்துவிடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மிகப்பெரிய அடிமை வணிகத் துறைமுகமும் இதே நாந்த்தான். பிரெஞ்சு அடிமைக் கப்பல் பயணங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இங்கிருந்துதான் கிளம்பின. 4,50,000 பேருக்கு மேல் ஆப்பிரிக்கக் கரையில் இந்த ஊர்க் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். இது யாரோ எதிரி எழுதிய கணக்கு இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர்களே துறைமுகப் பதிவேடுகளைப் புரட்டி எடுத்த கணக்கு.

இனி நான் போன நடைக்கு வருகிறேன். இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேர், ஆங்கிலத்தில். வழிகாட்டியாக வந்த பெண் கெட்டிக்காரர். தேதிகள் விரல் நுனியில் இருந்தன, நகைச்சுவையும் வந்தது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட நடையின் திட்டத்தைத்தான் கேள்வி கேட்கிறேன்.

அரண்மனை வாசலில் ழீல் த ரே என்கிற பிரபுவின் கதையைச் சொன்னார். சிறுவர்களைக் கடத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு 1440இல் இதே ஊரில் தூக்கிலிடப்பட்டவர். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. சற்றுத் தள்ளிப் போனதும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் கதை. 1793-94இல் கரியே என்கிற ஆள் கைதிகளைப் படகுகளில் அடைத்து லுவார் ஆற்றில் ஆயிரக்கணக்கில் மூழ்கடித்துக் கொன்றான். அதையும் விவரமாகவே சொன்னார். கரியேயின் தலையும் கில்லட்டினில் போயிற்று என்று முடித்தபோது கூட்டத்தில் ஒரு திருப்திப் பெருமூச்சு.

அடுத்து ஃபேதோ தீவு. இன்று அது தீவு இல்லை. சுற்றியிருந்த ஆற்றுக் கிளைகளை 1920களிலிருந்து மண்போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் மணல்திட்டின் மேல் வரிசையாகக் கட்டிய கப்பல் முதலாளிகளின் மாளிகைகள் அப்படியே நிற்கின்றன. மணலில் கட்டியதால் சில சாய்ந்தும் நிற்கின்றன. அந்தச் சாய்வைச் சொல்லிச் சிரிக்க வைத்தார். பால்கனிக் கம்பிகளின் வேலைப்பாட்டைக் காட்டினார். சன்னல்களுக்கு மேலே செதுக்கிய முகங்களையும் காட்டினார்: கடல் தெய்வங்கள், தாடிக்காரர்கள், ஆப்பிரிக்கச் சாயலில் சில முகங்கள். "கடல் வணிகத்தில் செல்வம் சேர்த்தவர்கள் கட்டியவை" என்றார்.

என்ன வணிகம் என்று கேட்டேன்.

"சர்க்கரை, காப்பி, முக்கோண வணிகம். அதற்கென்று தனி நடை இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அடுத்த வீதிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நண்பர்களே, என் சண்டை இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

'சுற்றுலாப் பயணிக்குத் துயரக் கதை வேண்டாம்' என்கிறீர்கள். அப்படியானால் ழீல் த ரே எதற்கு? ஆற்றில் மூழ்கடித்த கதை எதற்கு? சின்னப் பிள்ளைகளைக் கொன்ற கதையை ஐஸ்கிரீம் தின்றுகொண்டே கேட்ட கூட்டம் அது. துயரம் சுற்றுலாவுக்கு ஆகாது என்பது சுத்தப் பொய். உலகத்தில் எந்தப் பழைய நகரத்துக்குப் போனாலும் தூக்குமேடையையும் பாதாளச் சிறையையும் காட்டாமல் விடமாட்டார்கள்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ழீல் த ரே தூக்கில் தொங்கினான். கரியே தலையை இழந்தான். கதையில் வில்லன் இருக்கிறான், தண்டனை இருக்கிறது, முடிவு இருக்கிறது. கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகலாம். அடிமை வணிகத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் தண்டனை அடையவில்லை. மேயரானார்கள், பட்டம் வாங்கினார்கள், ஏழைகளுக்குத் தருமமும் செய்தார்கள். வில்லனின் வீடு இடிக்கப்படவில்லை. நீங்கள் இப்போது அண்ணாந்து பார்த்து "என்ன அழகு" என்று படம் எடுக்கிறீர்களே, அதுதான் அந்த வீடு. இந்தக் கதையைச் சொன்னால் படம் எடுக்கிற கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குப் பயந்துதான் தனிச் சீட்டு.

ஒரே ஒரு உதாரணம். கில்லோம் கிரூ என்கிற கப்பல் முதலாளி அடிமை வணிகத்தில் பெரும் பணக்காரரானவர். ஃபேதோவில் அவர் கட்டிய மாளிகை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அதன் வாசலில் நின்று, "இந்த வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கி, கரீபியன் தீவுகளில் விற்று, அந்தப் பணத்தில் இதைக் கட்டினார். இப்போது இந்தக் கம்பி வேலைப்பாட்டைப் பாருங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? கால் நிமிடம். இரண்டு மணி நேர நடையில் கால் நிமிடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

'முக்கோண வணிகம்' என்கிற சொல்லையும் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து சரக்கு ஆப்பிரிக்காவுக்கு, அங்கிருந்து மனிதர்கள் கரீபியனுக்கு, அங்கிருந்து சர்க்கரை ஐரோப்பாவுக்கு. வரைபடத்தில் முக்கோணம்தான். ஆனால் முக்கோணம் கணக்கு வாத்தியாருக்கு உரிய சொல். கேட்கிறவன் மனத்தில் கோடுகள் வரும், ஆட்கள் வரமாட்டார்கள். அந்தக் காலத்து வணிகர்கள் கைதிகளைக் 'கருங்காலி மரம்' என்று குறிப்பிட்டார்கள். மனிதனைச் சொல்லாமல் மனித வணிகத்தைப் பேசுவதற்கு அன்று மரம், இன்று முக்கோணம்.

நாந்த் ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். மதச் சகிப்புத்தன்மையின் மைல்கல் என்று ஒவ்வொரு வழிகாட்டியும் சொல்லுவார். சரிதான். பதினான்காம் லூயி அதை 1685இல் ரத்து செய்தான் என்பதையும் நல்ல வழிகாட்டிகள் சொல்லுவார்கள். அதே 1685இல், அதே மன்னன், 'கறுப்புச் சட்டம்' என்று பின்னாளில் பெயர்பெற்ற ஆணையையும் பிறப்பித்தான். காலனிகளில் அடிமைகளை அசையும் சொத்து என்று எழுதிவைத்த சட்டம் அது. மேசை நாற்காலி எந்தக் கணக்கோ, மனிதனும் அந்தக் கணக்கு. ஒரே ஆண்டு, ஒரே மன்னன், இரண்டு ஆணைகள். ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றொன்றுக்கு வேறு நாள் வரச் சொல்வது என்ன சரித்திரம்?

'அதான் அருங்காட்சியகமும் நினைவிடமும் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்பீர்கள்.

இருக்கின்றன. மனதாரப் பாராட்டுகிறேன். அரண்மனைக்குள்ளேயே இருக்கும் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் எதையும் மறைக்கவில்லை. 'மரி செராஃபீக்' என்கிற நாந்த் கப்பலின் நீர்வண்ண ஓவியம் அங்கே இருக்கிறது. 300க்கும் மேற்பட்ட கைதிகளைக் கீழ்த்தளத்தில் எப்படி அடுக்கியிருந்தார்கள் என்று ஒவ்வொரு உருவமாக வரைந்திருக்கிறார்கள். அதை ஐந்து நிமிடம் பார்த்தவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2012இல் திறந்த நினைவிடம் ஃபோஸ் கரையில், கப்பல்கள் கிளம்பிய அதே ஆற்றோரத்தில் இருக்கிறது. மேலே நடைபாதைத் தரையில் 2,000 கண்ணாடிப் பலகைகள். அவற்றில் 1,710 பலகைகளில் நாந்த்திலிருந்து போன அடிமைக் கப்பல்களின் பெயரும் ஆண்டும். மீதியில் அவை தொட்ட துறைகளின் பெயர்கள். படியிறங்கிக் கீழே போனால் நீர்மட்டத்தை ஒட்டி நீளமான ஒரு வழி.

இது சும்மா வந்ததும் இல்லை. 1985இல், கறுப்புச் சட்டத்தின் 300ஆம் ஆண்டில், இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சிலர் முன்வந்தபோது அன்றைய நகராட்சி ஆதரவு தர மறுத்தது. 1989இல் நிர்வாகம் மாறியது. 1992இல் அரண்மனையில் அடிமை வணிகம் பற்றிய பெரிய கண்காட்சி திறந்தது. 1998இல், அடிமை முறை ஒழிப்பின் 150ஆம் ஆண்டில், ஃபோஸ் கரையில் ஒரு சிலை வைத்தார்கள். சில நாட்களில் யாரோ அதைச் சேதப்படுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் நிரந்தரமான ஒரு நினைவிடம் வேண்டும் என்ற முடிவுக்கு நகராட்சி வந்தது. இத்தனைக்கும் பின்னால் இருந்தவர்கள் ஊர்க்காரர்கள். ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். 'அவர்கள் ஊரை நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்' என்கிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் வெளியிலிருந்து போய்க் குறை சொல்லவில்லை. அந்த ஊர் மக்களே போராடி வாங்கிய உண்மையை நடைத் திட்டம் போடுகிறவர்கள் ஓரமாக வைப்பதைத்தான் சொல்கிறேன்.

நினைவிடம் இருப்பதே சில நேரம் வசதியாகிவிடுகிறது. குற்றம் முழுவதையும் ஓரிடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மீதி ஊரைச் சுத்தமாக்கிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரமே உள்ளவன் அழகை மட்டும் பார்த்துவிட்டு ரயிலேறுவான். தனி நடைக்குப் பணம் கட்டி வருகிறவன் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவன், அக்கறை உள்ளவன். தெரிய வேண்டியவனுக்குத் தெரியாமலும், தெரிந்தவனுக்கே மறுபடியும் சொல்லியும் நடக்கிற ஏற்பாடு இது. வகுப்பில் முதல் பெஞ்சுக்கு மட்டும் பாடம் நடத்துவதைப் போல.

2001இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் அடிமை வணிகத்தையும் அடிமை முறையையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சட்டமாக்கியது. பள்ளிப் பாடத்திட்டத்தில் இதற்கு உரிய இடம் தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு வகுப்பறையில் கட்டாயப் பாடம். ஐம்பது வயதுப் பெரியவருக்குத் தெருவில் விருப்பப் பாடமா?

இன்னொரு வாதமும் வரும். 'இன்றைக்கு இருக்கிறவன் என்ன தப்பு செய்தான்? எதற்குக் குற்ற உணர்ச்சியைத் தூண்ட வேண்டும்?' யாரும் தூண்டவில்லை. தெரிந்துகொள்வது வேறு, தண்டனை அனுபவிப்பது வேறு. வீட்டுப் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது குற்ற உணர்ச்சியால் இல்லை, வீடு எப்படி வந்தது என்று தெரிய வேண்டும் என்பதால்.

இனி நம் பக்கம். 'எங்கோ பிரான்சுக்காரன் செய்ததற்கு நமக்கு என்ன' என்று நினைத்தால் இதையும் படியுங்கள்.

நாந்த்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன கப்பலில் மதுவும் துப்பாக்கியும் மட்டும் போகவில்லை. சரக்கின் மதிப்பில் பெரும்பங்கு துணி. அதில் இந்தியப் பருத்தித் துணிக்கு ஆப்பிரிக்கக் கரையில் தனி மவுசு. நம் சோழமண்டலக் கரைத் துணியும் அதில் அடக்கம். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கிழக்கிலிருந்து கொண்டுவந்த சரக்கை 1730களின் தொடக்கம் வரை நாந்த்தில்தான் ஏலம் விட்டது, பிறகுதான் லோரியான் துறைமுகத்துக்கு மாற்றியது. அச்சடித்த இந்தியத் துணியை பிரான்சுக்குள் விற்கவும் உடுத்தவும் 1686 முதல் 1759 வரை தடை. ஆப்பிரிக்காவுக்கு அனுப்பத் தடை இல்லை. தடை நீங்கியதும் நாந்த்திலேயே பட்டறைகள் வைத்து அந்தத் துணியைப் போலவே அச்சடித்தார்கள். அதற்கு அவர்கள் வழங்கிய பெயரே 'இந்தியென்'. அதுவும் கப்பலேறியது, ஆட்களை வாங்க. துணியோடு மாலத்தீவுச் சோழிகளும் போயின. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் அவைதான் பணம்.

'நம் நெசவு உலகத்தையே சுற்றியது' என்று மாதம் ஒரு பதிவாவது என் கண்ணில் படுகிறது. நானும் பெருமைப்படுகிறவன்தான். உலகத்தைச் சுற்றியது உண்மை. அந்தச் சுற்றில் ஒரு வளைவில் அது மனிதனுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, கிடைத்ததும் அரை வயிற்றுக் கூலி. அவர் மேல் பழி இல்லை. ஆனால் பெருமையை மட்டும் பகிர்ந்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், அந்த நடைத் திட்டம் செய்கிற வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

நம் ஆட்களும் தப்பவில்லை. ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே வருகிறது. 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். ரெயூனியனுக்கும், 1853 முதல் மார்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும். இன்றும் அங்கே தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. ஐரோப்பியத் துறைமுக நகரத்துத் தெருவில் நடக்கும்போது நாம் வெறும் விருந்தாளிகள் இல்லை.

வழிகாட்டிகளுக்காக ஒரு வார்த்தை. பிரான்சில் அருங்காட்சியகங்களிலும் வரலாற்றுச் சின்னங்களிலும் கூட்டத்தை அழைத்துச் சென்று விளக்க முறையான படிப்பும் தொழில் அட்டையும் வேண்டும். கட்டணம் இல்லாமல் தெருவில் நடத்தும் நடைகளில் கடைசியில் கிடைக்கும் அன்பளிப்புதான் வருமானம். கூட்டம் முகம் சுளித்தால் அன்று வருமானம் குறையும். அந்தப் பயத்தை உண்டாக்குவது யார்? "நல்ல கட்டடத்தைப் பார்த்தோமா, வந்தோமா" என்கிற நாம்தான். கேட்கிற கூட்டம் மாறினால் சொல்லுகிறவரும் மாறுவார்.

அதனால் பிள்ளைகளைப் பார்க்க ஐரோப்பா போகும் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள். நாந்த் மட்டுமில்லை, பொர்தோ, லா ரொஷேல் எங்கே போனாலும் சரி. மாளிகை வாசலில் வழிகாட்டி மூச்சு விடும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள். இதைக் கட்டக் காசு எங்கிருந்து வந்தது? அந்தக் காசுக்காக உழைத்தது யார்? அவர்கள் பெயர் இந்தத் தெருவில் எங்காவது இருக்கிறதா? சண்டை போட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். என் அனுபவத்தில், கேட்டால் பெரும்பாலான வழிகாட்டிகள் மகிழ்ச்சியோடு சொல்லுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

நாந்த் போகிறவர்களுக்கு ஒரு வரிசையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அரண்மனை அருங்காட்சியகம், குறைந்தது இரண்டு மணி நேரம். பிறகு ஃபேதோ. கடைசியில் ஃபோஸ் கரை, தரையில் இருக்கும் கப்பல் பெயர்களை நின்று படித்துக்கொண்டே. மூன்றும் நடக்கிற தூரம்தான். இந்த வரிசையில் போனால் தனிச் சீட்டு தேவையில்லை, ஒரே நடையில் முடியும்.

மாறுபட்ட கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள், மரியாதையாக. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.